நீலகிரியில் நிலவடிவமும் தாவரப் பரவலும்: சோலை–புல்வெளி அமைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மலைப்பகுதி ஒன்றில் எவ்விடத்தில் காடு அமையும், எவ்விடத்தில் புல் மட்டுமே நிலைக்கும் என்பதில் நிலவடிவத்தின் பங்கு பெரிது. உயரம், சரிவின் திசை, சாய்வு, பள்ளம் ஆகிய கூறுகள் மழை, வெப்பம், காற்று, மண், உறைபனி ஆகியவற்றை இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவில் பகிர்ந்தளிக்கின்றன. அந்தப் பகிர்வுக்கு ஏற்பத் தாவரங்கள் வேறுபடுகின்றன. இக்கட்டுரை நீலகிரியைக் களமாகக் கொண்டு இப்பகிர்வு நிகழும் முறையை விளக்குகிறது. மேல்பீடபூமியின் பல இடங்களில் நிலவடிவம் தாவரத்தை முற்றாக உறுதி செய்வதில்லை என்பதையும், சோலை, புல்வெளி ஆகிய இரண்டுமே அங்கு நிலைபெறத்தக்கவை என்பதையும் சான்றுகளுடன் எடுத்துரைக்கிறது. புல்வெளியை மரம் இழந்த வெற்று நிலமாகக் கருதியதால் நேர்ந்த விளைவுகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நீலகிரி, நிலவடிவம், சோலை, மலைப்புல்வெளி, உறைபனி, மழைமறைவு, அயல்மரங்கள்.

முன்னுரை

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்குச் செல்லும் மலை இரயில் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 46 கிலோமீட்டர் தொலைவில் 2,203 மீட்டர் உயரத்தை அடைகிறது. இந்தக் குறுகிய தொலைவுக்குள் பயணி காணும் தாவரங்கள் முற்றிலும் மாறிவிடுகின்றன. அடிவாரத்தின் வறண்ட காடு மறைந்து, ஈரமிக்க பள்ளத்தாக்குக் காடு வருகிறது. அதனைக் கடந்தபின் தேயிலைத் தோட்டங்களும், இறுதியில் பீடபூமியின் தைல மரங்களும், ஆங்காங்கே எஞ்சிய சோலைகளும் தென்படுகின்றன. சமவெளியில் இத்தகைய மாற்றத்தைக் காண நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடக்க நேரிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் நீலகிரி அமைந்துள்ளது. இதன் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. நாற்புறமும் செங்குத்தாக இறங்கும் சரிவுகளும், மேலே அலையலையான குன்றுகளைக் கொண்ட பீடபூமியும் இம்மலையின் அமைப்பு. நிலவடிவம் தாவரத்தின்மீது செலுத்தும் தாக்கத்தை ஆராய இது தக்க களமாகும். இத்தாக்கத்தை மலை முழுவதும் தழுவிய பெரும் அளவு, தனித்தனிக் குன்றைச் சார்ந்த இடை அளவு, ஒரு மடிப்பினுள் அடங்கும் சிற்றளவு என மூன்று நிலைகளில் காணலாம்.

உயரமும் வெப்பமும்

உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயர்வுக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் எனக் கொள்ளலாம். இக்கணக்கின்படி மேட்டுப்பாளையத்திற்கும் உதகமண்டலத்திற்கும் இடையில் சுமார் 12 பாகை வேறுபாடு உண்டு. தாழ்வெப்பநிலையில் தாவரங்களின் வளர்ச்சி மந்தமாகிறது. இலைமக்குச் சிதைவதும் தாமதமாவதால் மண்ணில் கரிமப்பொருள் மிகுதியாகச் சேர்கிறது. இதனால் சோலைத் தரை கருமையும் மென்மையும் கொண்டதாக உள்ளது. மேல்பீடபூமியின் சோலை மரங்கள் தாழ்நிலப் பசுமைமாறாக் காட்டு மரங்களைவிடக் குட்டையானவை. அவற்றின் தலைப்பகுதி குடைபோல் செறிந்தும், கிளைகள் முறுக்கேறியும், தண்டுகள் பாசி, பெரணி, ஆர்க்கிட் போன்றவற்றால் மூடப்பட்டும் காணப்படும்.

எனினும் தாவரப் பரவலை உயரம் ஒன்றினால் மட்டும் விளக்க இயலாது. ஏறத்தாழ ஒரே உயரத்தில் அமைந்த இடங்கள் முற்றிலும் வேறுபட்ட காடுகளைக் கொண்டிருப்பதற்கு முதுமலை தெளிவான சான்று.

மழைமுகமும் மழைமறைவும்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து நீலகிரியின் மேற்கு விளிம்பில் மோதுகிறது. அங்கு மேலெழுந்து குளிர்ந்து பெருமழையைப் பொழிகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பதிவானது இதற்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு. தென்மேற்கு மூலையில் அமைதிப் பள்ளத்தாக்கின் பசுமைமாறா மழைக்காடு செழித்திருப்பதற்கும் இம்மழையே அடிப்படை.

மலையைக் கடந்து இறங்கும் காற்று ஈரத்தை இழந்து வெப்பமடைகிறது. வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சீகூர் பீடபூமியும் மாயாறு பள்ளத்தாக்கும் இம்மழைமறைவில் அடங்குகின்றன. முதுமலையில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மழையளவு விரைந்து குறைகிறது. கூடலூரை ஒட்டிய மேற்குப் பகுதியில் ஈர இலையுதிர் காடு உள்ளது. தெப்பக்காட்டைச் சூழ்ந்து வறண்ட இலையுதிர் காடும், மசினகுடிக்கு அப்பால் முட்புதர்க் காடும் தொடர்கின்றன. இம்மூன்றுக்கும் இடையில் பெரும் உயர வேறுபாடு இல்லை. மலைத்திரளின் மறைவில் எவ்வளவு தொலைவு உட்புறமாக அமைந்துள்ளன என்பதே அவற்றை வேறுபடுத்துகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டு முதல் முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்பளவுள்ள நிலையான ஆய்வுப்பகுதியைப் பேணி, அதிலுள்ள மரங்களைத் தொடர்ந்து கணக்கிட்டு வருகின்றனர். மழை, தீ, யானை ஆகியவை வறண்ட காட்டின் அமைப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிய இப்பதிவுகள் துணைபுரிகின்றன.

பீடபூமியின் உள்ளேயும் இத்தகைய பிரிவு உண்டு. வடக்குத் தெற்காகச் செல்லும் தொட்டபெட்டா மலைவரிசைக்கு மேற்கிலுள்ள பகுதி தென்மேற்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. கிழக்கிலுள்ள குன்னூர், கோத்தகிரி பகுதிகள் வடகிழக்குப் பருவமழையால் மிகுதியாகப் பயன்பெறுகின்றன. ஓராண்டின் மொத்த மழையைக் காட்டிலும் அது எம்மாதங்களில் பொழிகிறது என்பதும், வறண்ட மாதங்கள் எத்தனை என்பதும் தாவரத்திற்கு முதன்மையானவை.

சரிவின் திசை, சாய்வு, மண்

இடை அளவில் ஒவ்வொரு குன்றின் சரிவும் தன் திசைக்கேற்பக் கதிரவனின் வெப்பத்தைப் பெறுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் மாத இறுதியில் நண்பகலில் கதிரவன் உச்சிக்குத் தெற்கே சுமார் 35 பாகை சாய்ந்து நிற்கும். ஜூன் மாதத்தில் உச்சிக்கு வடக்கே 12 பாகை மட்டுமே சாயும். அப்பருவத்தில் வானம் பெரும்பாலும் மேகமூடியிருக்கும். ஆகவே மேகமற்ற வறண்ட மாதங்களில் தெற்கு நோக்கிய சரிவு மிகுந்த வெயிலைப் பெற்று விரைவில் உலர்கிறது. வடக்கு நோக்கிய சரிவில் ஈரம் நெடுநாள் தங்குகிறது. மிதவெப்ப மண்டல மலைகளில் காணப்படும் அளவுக்கு இவ்வேறுபாடு கூர்மையானதன்று. எனினும் தீப்பற்றும் வாய்ப்பையும் நாற்றுகளின் பிழைப்பையும் மாற்றுவதற்கு இது போதுமானது.

சாய்வு மண்ணின் ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது. நீலகிரியின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோகைட் வகையைச் சார்ந்தது. அது சிதைந்து உருவான மண், முகடுகளிலும் குவிந்த சரிவுகளிலும் மழைநீரால் அரிக்கப்பட்டு மெலிகிறது. அவ்வாறு அரிக்கப்பட்ட மண் குழிந்த பகுதிகளில் வந்து படிகிறது. மேற்பரப்பு நீரும் அடிமண் நீரும் அதே திசையில் குவிகின்றன. ஆகவே ஓடைகளின் தலைப்பகுதிகளில் ஆழமான, ஈரம் குன்றாத மண் அமைகிறது. மேற்கு விளிம்பில் வீசும் பருவக்காற்றின் வேகம் முகடுகளில் மரங்களைக் குறுக்குகிறது. மடிப்புகளுக்குள் அக்காற்று வலுவிழக்கிறது. நீர், மண், காற்றுமறைவு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடும் இடங்களிலேயே சோலைகள் பெரும்பாலும் காணப்படுகின்றன.

மடிப்புகளும் குளிர்காற்றும்

இதுவரை கூறப்பட்ட விளக்கம் நேரடியானது. நீலகிரியின் சிற்றளவு நிலவடிவம் இவ்விளக்கத்தைச் சிக்கலாக்குகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக வெளியிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து அடர்த்தியுற்றுச் சரிவுகளின் வழியே கீழிறங்கித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. அதனால் அந்நேரத்தில் பள்ளத்தின் அடியைவிடச் சரிவின் நடுப்பகுதி வெப்பமாக இருக்கக்கூடும். விடியற்காலையில் பள்ளத்தாக்குப் புல்வெளி வெண்ணிற உறைபனியால் மூடப்பட்டிருக்க, அருகிலுள்ள மேட்டில் பனி இல்லாதிருப்பதைக் காணலாம்.

நீரும் மண்ணும் குவியும் பள்ளத்திலேயே குளிரும் குவிகிறது எனில், அங்கு மரங்கள் எவ்வாறு நிலைத்தன என்னும் வினா எழுகிறது. இதற்கு விடை பள்ளங்களின் வேறுபாட்டில் உள்ளது. அகன்று தட்டையாக உள்ள பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று வெளியேற வழியின்றித் தேங்குகிறது. நீரும் வடியாமல் நிற்கிறது. அங்கு மரங்கள் இல்லை, சதுப்பும் கோரையும் புல்லும் மட்டுமே உள்ளன. தோடர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேய்வதற்குப் பயன்படுத்தும் புல் இத்தகைய ஈரநிலங்களில் வளர்கிறது. மாறாகச் சரிவில் செங்குத்தாக வெட்டுண்ட குறுகிய மடிப்பில் குளிர்காற்று தங்காமல் கீழே வழிந்துவிடுகிறது. ஈரம் மட்டும் எஞ்சுகிறது. அம்மடிப்பு சோலைக்கு உகந்ததாகிறது.

மேலும் ஒருமுறை சோலை நிலைபெற்றுவிட்டால் அது தனக்கேற்ற சூழலைத் தானே பேணிக்கொள்கிறது. மரக்கவிப்பு நிலத்தின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. புல்வெளியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும் இரவிலும் கவிப்பின் அடியில் அது உறைநிலைக்கு மேலேயே நிற்கிறது. ஈரமான சோலைத் தரையில் தீ எளிதில் பரவுவதுமில்லை. புல்வெளியும் தன் சூழலைத் தானே பேணுகிறது. வெட்டவெளியின் உறைபனி சோலை மர நாற்றுகளின் நுனிக்குருத்தைக் கருக்கிவிடுகிறது. பனியில் காய்ந்த புல் கோடையில் தீக்கு எரிபொருளாகிறது. புல்லின் வளர்முனை நிலமட்டத்திலோ அதற்குக் கீழோ இருப்பதால் பனியிலும் தீயிலும் மேற்பகுதியை இழந்த பின்னரும் அது மீண்டும் துளிர்க்கிறது. மரக்கன்றுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. புல்வெளியில் தனித்து நிற்கும் ரோடோடென்ட்ரான் இதற்கு விதிவிலக்கு. தடித்த பட்டையும் பனிதாங்கும் இயல்பும் அதனைக் காக்கின்றன. சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை சில அடிகளுக்குள் முடிந்துவிடுவதற்கு இந்த இருமுனைத் தற்காப்பே காரணம் எனலாம்.

ரங்கநாதன் – போர் விவாதம்

இந்த எல்லைக்கான காரணம் குறித்து 1938ஆம் ஆண்டில் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் ஒரு விவாதம் எழுந்தது. வன அலுவலர் சி.ஆர். ரங்கநாதன், சோலை மரங்கள் திறந்த புல்வெளியில் பரவாதிருப்பதற்கு உறைபனியே தடை என வாதிட்டார். அவர் கருத்துப்படி சோலை, புல்வெளி ஆகிய இரண்டும் இந்நிலத்திற்கு இயல்பானவை. அதே ஆண்டில் என்.எல். போர் இதனை மறுத்து, புல்வெளி என்பது தீயினாலும் மேய்ச்சலாலும் நிலைநிறுத்தப்பட்ட ஒன்று எனக் கருத்துரைத்தார். அவரது பார்வையில் மனிதத் தலையீடு நீங்கினால் அந்நிலம் காட்டை நோக்கிச் செல்லும்.

இவ்விவாதம் கோட்பாட்டளவில் மட்டும் அமைந்ததன்று. புல்வெளி இயல்பானது என்றால் அதனைக் காத்தல் கடமையாகிறது. அழிந்த காட்டின் எச்சம் என்றால் அங்கு மரம் நடுவது சீரமைப்பாகிறது. ஒரே சரிவைப் பற்றிய இரு விளக்கங்கள் இரு வேறு செயல்களுக்கு இட்டுச் சென்றன.

அண்மைக்கால நாற்றுச் சோதனைகள் உறைபனியின் பங்கை வலியுறுத்துகின்றன. எனினும் எல்லாப் புல்வெளிகளுக்கும் அதனையே ஒற்றைக் காரணமாகக் கொள்வது பொருந்தாது. பள்ளத்தாக்கின் அடியில் பனியும் நீர்த்தேக்கமும், முகடுகளில் காற்றும் மெலிந்த மண்ணும், உலர்சரிவுகளில் தீயும் மேய்ச்சலும் முன்னிற்கின்றன. தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் புல்வெளிக்குப் பின்னால் இடத்துக்கு இடம் வெவ்வேறு காரணங்கள் செயல்படுகின்றன.

சதுப்புகள் தரும் சான்று

புல்வெளி மனிதரால் உருவாக்கப்பட்டதா என்னும் வினாவிற்குச் சதுப்புகளின் அடியில் விடை கிடைத்தது. நீர் தேங்கிய பள்ளங்களில் தாவரச் சிதைவுகள் முழுமையாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா போன்ற இடங்களின் படிவுகள் ஆராயப்பட்டன. அவற்றிலுள்ள மகரந்தமும் கரிமத்தின் ஓரிடத்தான் விகிதமும் பண்டைய தாவரங்களை அடையாளம் காட்டுகின்றன. வெப்பமண்டலப் புற்களில் பலவும், மரங்களும் வெவ்வேறு வேதிவழியில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆகவே அவற்றின் சிதைவுகளில் கரிமம்-13 அளவு வேறுபடுகிறது.

ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நீலகிரிச் சதுப்புகளில் ஏறத்தாழ 20,000 ஆண்டுக்காலப் பதிவை முன்வைத்தது. பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி மிகுந்து அத்தகைய புற்கள் ஓங்கியிருந்தன. பின்னர்ப் பருவமழை வலுப்பெற்ற காலத்தில் மரங்களையும் ஈரம்விரும்பும் தாவரங்களையும் உள்ளடக்கிய மற்றொரு வகை பெருகியது. அதன்பின் வறட்சி திரும்பியபோது புற்கள் மீண்டும் ஓங்கின.

இதிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, மேய்ப்பர்களும் உழவர்களும் இம்மலையில் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு புல்வெளி இருந்துள்ளது. இரண்டாவது, குன்றுகளும் மடிப்புகளும் மாறாதிருந்த காலத்திலேயே அவற்றின்மீது காடும் புல்லும் முன்னும் பின்னுமாக நகர்ந்துள்ளன. எனவே நிலவடிவம் தாவரத்தின் எல்லைகளை வரையறுக்கிறது. அவ்வெல்லைக்குள் எத்தாவரம் நிலைக்கும் என்பதைக் காலநிலையும், தீயும், முன்பு அங்கே எது நின்றது என்பதும் தீர்மானிக்கின்றன.

வெற்று நிலம் என்னும் தவறான புரிதல்

ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிப் பீடபூமிக்கு வந்தபின் ஐரோப்பியக் குடியிருப்புகள் பெருகின. விறகுத் தேவையும் கூடியது. 1843இல் தைல மரம் அறிமுகமானது. வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் தொழிற்சாலைகளின் மூலப்பொருள் தேவைக்காக மரநடவு விரிவடைந்தது. இந்நடவுகளுக்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்பட்டவை புல்வெளிகளே. மரம் இல்லாத சரிவு பயன்பாடற்ற சரிவாகக் கருதப்பட்டதால் அதனை இழப்பாக எவரும் பெரிதும் கணக்கிடவில்லை.

விளைவுகள் நீரில் முதலில் தெரிந்தன. உதகமண்டலத்திலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன் பகுதியில் இரு நீர்ப்பிடிப்புகளை நெடுங்காலம் ஒப்பிட்டு அளந்தது. ஒன்று இயற்கைப் புல்வெளியாக விடப்பட்டது. மற்றொன்றில் தைல மரம் நடப்பட்டது. மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் மீண்டும் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியது. கோடைக்கால ஓட்டம் இன்னும் கூர்மையாகச் சரிந்தது. 1932இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா முதலாக நீலகிரியின் நீர்மின் திட்டங்கள் அனைத்தும் இம்மேல்நிலங்களின் நீரைச் சார்ந்தவை. மழைநாளில் உறிஞ்சிய நீரைப் புல்வெளியும் சதுப்பும் வறண்ட மாதங்களில் சிறிது சிறிதாக வெளியிடுகின்றன. பவானி போன்ற ஆறுகளின் கோடை ஓட்டத்திற்கும் இது தொடர்புடையது.

சீகை மரத்தின் தாக்கம் வேறு வகையானது. சோலை நாற்றுகள் தாக்குப்பிடிக்காத திறந்தவெளிப் பனியை அது ஓரளவு தாங்குகிறது. தீக்குப் பின் அதன் விதைகள் பெருமளவில் முளைக்கின்றன. இவ்வாறு நெடுங்காலம் நிலவடிவமும் பனியும் காத்து வந்த எல்லையை ஓர் அயல்மரம் மீறிச் செல்கிறது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மேற்கொள்ளப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, நடவுக் காடுகளாலும் வேளாண்மையாலும் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரு பங்கு புல்வெளி மறைந்துள்ளதைக் காட்டியது. புல்வெளியை நம்பிய வரையாடு, தோடர்களின் எருமை மேய்ச்சல், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி ஆகியவற்றின் வாழிடமும் அதனுடன் சுருங்குகிறது. 78 சதுர கிலோமீட்டர் பரப்புடைய முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் எஞ்சிய புல்வெளிகளைச் சீகை நாற்றுகளிடமிருந்து காப்பது இன்று தொடர்பணியாக உள்ளது.

திணைக் கோட்பாட்டுடன் ஓர் ஒப்புநோக்கு

நிலத்தையும் அதன் தாவரத்தையும் இணைத்து நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்னும் பூவின் பெயரையே பெற்றுள்ளன. தொல்காப்பியம் நிலத்தை நால்வகையாகப் பகுக்கிறது, பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. வேனிலின் கொடுமையால் குறிஞ்சியும் முல்லையும் தம் தன்மை கெடும்போது பாலை தோன்றுகிறது என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் பதிவு செய்கிறது. அதாவது பாலை என்பது ஓர் இடத்தின் பெயராக அமையாமல், நிலம் அடையும் ஒரு நிலையின் பெயராக அமைகிறது.

இலக்கிய மரபின் இக்கருத்தைச் சூழலியல் கோட்பாடாகக் கொள்வது மிகையாகும். திணையின் நோக்கம் அகப்பொருளைச் சார்ந்தது. எனினும் ஒரே நிலம் காலத்தால் வேறு நிலையை எய்தும் என்ற புரிதல், நிலவடிவம் ஒன்றே தாவரத்தை முடிவுசெய்கிறது என்னும் எளிய கொள்கையைக் காட்டிலும் நீலகிரியின் சான்றுகளுக்கு நெருங்கியது. ஆயினும் ஒரு வேறுபாடு கவனத்திற்குரியது. பாலை இயல்பு கெட்ட நிலையாகக் காட்டப்படுகிறது. நீலகிரிப் புல்வெளியோ தன்னளவில் முழுமையான இயல்பு நிலை.

முடிவுரை

பெரும் அளவில் மலைத்திரள் மழையைப் பிரிக்கிறது. இடை அளவில் சரிவு வெயிலையும் மண்ணையும் பிரிக்கிறது. சிற்றளவில் மடிப்பு குளிரையும் ஈரத்தையும் பிரிக்கிறது. முதல் அளவில் நிலவடிவத்தைக் கொண்டு தாவரத்தைப் பெரும்பாலும் முன்னுரைக்க முடிகிறது. மசினகுடியில் மழைக்காடு தோன்றாது. அளவு சுருங்கச் சுருங்க அந்த உறுதி தளர்கிறது. மேல்பீடபூமியின் பல சரிவுகளில் காடும் புல்லும் தத்தமக்கு ஏற்ற சூழலைப் பேணிக்கொண்டு அருகருகே நிலைக்கின்றன.

எனவே மரம் இல்லாத ஒரு மலைச்சரிவைக் காணும்போது, அது காட்டை இழந்த நிலமா, காடு கொள்ளாத நிலமா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அதன் உயரம், திசை, சாய்வு, மண் ஆழம், பனி விழும் இரவுகள், அடிச்சதுப்பின் பதிவு ஆகியவை அவ்வாராய்ச்சிக்குரிய சான்றுகள். மரம் நடுதலே பசுமைப் பணி என்று பொதுவாக எண்ணப்படும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை அறிந்து செயல்படுவது தேவையாகிறது. புல்வெளியில் நடப்படும் கன்றினால் ஒரு சோலை உருவாகிவிடுவதில்லை. அச்சரிவிலிருந்து கோடையில் கசிந்து வரும் ஓடை குன்றுவதற்கே அது வழிவகுக்கக்கூடும்.